நினைவு நாணயத்துக்கு இன்று என்ன விலை? கணக்கிடும் முறை

ஒரு நினைவு நாணயத்துக்குள் இரண்டு விலைகள் இருக்கின்றன. ஒன்று உலோகத்தின் விலை; மற்றது அதற்கு மேல் சேகரிப்பாளர் தரும் தொகை. இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள்.

முதலில் உலோகம். 1969 காந்தி நூற்றாண்டு 10 ரூபாயின் எடை 15 கிராம், அதில் 80 விழுக்காடு வெள்ளி. ஆக 12 கிராம் வெள்ளி. 1972 சுதந்திர வெள்ளி விழா 10 ரூபாய் 22.5 கிராம் இருந்தாலும் வெள்ளி பாதிதான்: 11.25 கிராம். பெரிய காசுக்குப் பெரிய விலை என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். இந்த வெள்ளி எடையை அன்றைய ஒரு கிராம் வெள்ளி விலையால் பெருக்கினால் அடிமட்ட விலை கிடைக்கும். வெள்ளி விலை ஏறும்போது இதுவும் ஏறும். ஆனால் எளிதில் கிடைக்கும் நாணயத்துக்குச் சேகரிப்பாளர் தரும் கூடுதல் தொகை அதே வேகத்தில் ஏறாது.

போலியா என்று அறிய, 0.01 கிராம் வரை காட்டும் தராசில் எடை பாருங்கள். பிறகு காந்தம். வெள்ளி நாணயம் ஒட்டினால் போலி. 1964 நேரு ஒரு ரூபாய் நிக்கல், அது ஒட்ட வேண்டும். அதில் வெள்ளி துளியும் இல்லை.

அடுத்து, ஆண்டின் கீழே உள்ள குறி. எந்த நாணயச்சாலையில் அச்சானது என்று அது சொல்லும். வைரம் மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், புள்ளி நொய்டா. குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா. ஒரே நாணயம் ஒரு நாணயச்சாலையில் குறைவாக அச்சாகியிருந்தால் விலை வேறுபடும். சேகரிப்பாளருக்கென்றே கண்ணாடிபோல் மின்ன அச்சிடும் புரூஃப் நாணயத்தை மூலப் பெட்டியோடு வைத்திருங்கள். பெட்டி தொலைந்தால் விலையும் குறையும்.

தயவுசெய்து புளி, எலுமிச்சை, பற்பசை எதையும் தேய்க்காதீர்கள். தேய்த்த கீறல் லென்ஸில் உடனே தெரியும், கூடுதல் தொகை அதோடு போய்விடும். பிவிசி பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். நாளடைவில் பச்சைப் படலம் விடும்.

விற்பனைத் தளங்களில் போட்டிருப்பது கேட்கும் விலை மட்டுமே. ஏலத்தில் உண்மையில் முடிந்த விலைகளை, அதே குறி, அதே நிலையில், கடந்த ஓராண்டுக்குத் திரட்டி, வரிசைப்படுத்தி, நடுவில் வரும் விலையை எடுங்கள். வணிகர் அதற்கும் குறைத்தே வாங்குவார். வைஷ்ணவ தேவி படம் உள்ள 5 ரூபாய் நாணயத்துக்கு லட்சங்கள் என்று சொல்லி முன்பணம் கேட்பவர் மோசடிக்காரர். பழைய நாணயங்களைக் காட்டிச் செய்யும் இத்தகைய மோசடி பற்றி ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்தது.