டிராக் காருக்கு ஷார்ட் ஷிஃப்டர்: மியாட்டா 5 கியர் பாக்ஸில் செய்முறை

மாஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டாவை டிராக்குக்குத் தயார் செய்பவர்கள் சீக்கிரமே கை வைக்கும் இடம் கியர் லிவர். அதன் பயணத்தைக் குறைக்கும் பாகம்தான் ஷார்ட் ஷிஃப்டர். முதல் இரண்டு தலைமுறைகளில் (என்ஏ, என்பி) லிவர் கியர்பாக்ஸின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நடுவில் கேபிள் கிடையாது. காரைத் தூக்காமல், உள்ளே உட்கார்ந்தபடியே முழு வேலையும் முடிந்துவிடும். இங்கே சொல்வது 5 கியர் பாக்ஸுக்கு மட்டும்.

தேய்ந்த புஷ்ஷை (லிவரை ஆட்டமில்லாமல் பிடிக்கும் சிறு உறை) அப்படியே விட்டுவிட்டு ஷார்ட் ஷிஃப்டரை மாட்டவே மாட்டாதீர்கள். லிவரின் பயணத்தைக் குறைத்தால் கியர் வரிசைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியும் குறைகிறது. புஷ்ஷில் ஆட்டம் இருந்தால் கை எங்கே நிற்கிறது என்றே தெரியாது. 3-லிருந்து 4-க்கு இழுக்கும்போது கை கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தால் 2 விழும். கியர் விகிதம் 3-ல் 1.330, 2-ல் 1.888. அதாவது 7,000 ஆர்பிஎம்மில் இந்தத் தவறு நடந்தால், கிளட்சை விட்டதும் இன்ஜின் ஏறத்தாழ 9,900-க்குத் தள்ளப்படும். ரெவ் லிமிட்டர் (இன்ஜின் வேக வரம்பைக் காப்பது) எரிபொருளைத்தான் நிறுத்தும். சக்கரம் இன்ஜினைச் சுழற்றுவதை அதனால் தடுக்க முடியாது. வால்வு வளைவது இப்படித்தான்.

முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள்

இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அணைத்திருக்கும்போது சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் 1-ம் ரிவர்ஸும் முரண்டு பிடித்தால் குற்றம் லிவரில் இல்லை; கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. இந்தக் கார்களில் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் (திரவ அழுத்தத்தால் கிளட்சை விடுவிக்கும் உருளை) கசிவது சகஜம். அதன் ரப்பர் உறையை விலக்கிப் பார்த்தால் உள்ளே ஈரம் தெரியும். ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது லிவர் முன்னும் பின்னும் நகர்ந்தால் இன்ஜின் மவுண்ட் ரப்பர் போயிருக்கிறது. இரண்டையும் சரிசெய்த பிறகே மேலே போங்கள்.

தேவையானவை

10, 12 மி.மீ. சாக்கெட், எக்ஸ்டென்ஷன், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், குழாய் மாட்டிய 100 மி.லி. சிரிஞ்ச், பஞ்சு உதிராத துணி, காந்தக் குச்சி. பாகங்களில் அடிமுனை நைலான் புஷ், மேல் புஷ், அலை வாஷர், சின்ன ரப்பர் பூட் (லிவரைச் சுற்றி மூடும் உறை), பெரிய ரப்பர் பூட். எண்ணெய் 75டபிள்யூ-90 ஜிஎல்-4, 100 மி.லி. போதும்.

கழற்றுதல்

சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வையுங்கள். ஓடி வந்த சூடு ஆறட்டும். லிவரின் கைப்பிடியான நாபைத் திருகிக் கழற்றுங்கள் (மறை எம்10, 1.25 பிட்ச், புது நாப் வாங்கும்போது இது வேண்டும்). கன்சோல் (சீட்டுகளுக்கு நடுவிலுள்ள மூடி) ஸ்க்ரூக்களை எடுத்துத் தூக்கும்போது, பவர் விண்டோ சுவிட்ச் அதில் இருந்தால் கனெக்டரை முதலில் பிரியுங்கள்.

கீழே தெரிவது பெரிய பூட். அதன் நாலு 10 மி.மீ. போல்ட்டை எடுத்தால் சின்ன பூட்டும் அதைப் பிடித்திருக்கும் தட்டும் தெரியும். சுற்றியிருக்கும் மண், தூசியை இப்போதே துடைத்துவிடுங்கள். பிறகு துடைத்தால் உள்ளேதான் விழும். தட்டின் மூன்று 12 மி.மீ. போல்ட்டைக் கழற்றி லிவரை நேராக மேலே தூக்குங்கள். எந்த வாஷர் எதன் மேல் இருக்கிறது, லிவர் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

லிவரின் அடிமுனை உருண்டையைப் பாருங்கள். நைலான் புஷ் அங்கே இல்லையென்றால் லிவர் இறங்கும் குழிக்குள்ளேயே தங்கியிருக்கும், இரண்டாக உடைந்திருக்கவும் கூடும். ஒரு துண்டையும் விடாமல் எடுக்க வேண்டும். போல்ட் தவறி விழுந்தால் காந்தக் குச்சி உதவும். நைலானைக் காந்தம் எடுக்காது, நீண்ட மூக்குக் குறடுதான் வழி.

எண்ணெய்

இந்தக் குழியின் எண்ணெய் கியர்பாக்ஸ் எண்ணெயோடு கலப்பதில்லை. அதனால் கியர்பாக்ஸ் எண்ணெயைத் தவறாமல் மாற்றியவர்களின் காரில்கூட இங்கே கருப்புச் சேறுதான் இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. சிரிஞ்சால் உறிஞ்சி, துடைத்து, புது எண்ணெய் 80 முதல் 95 மி.லி. ஊற்றுங்கள். அதற்கு மேல் ஊற்றினால் பூட் வழியாகக் கசிந்து காருக்குள் நாறும். பலருக்கு இந்த எண்ணெயும் புது புஷ்களும் போதுமானவை. ஒரு நாள் இப்படியே ஓட்டிப் பார்த்துவிட்டு ஷார்ட் ஷிஃப்டர் வேண்டுமா என்று முடிவெடுப்பதுதான் சரி.

பயணத்தைக் குறைத்தல்

கணக்கு எளிது. லிவர் எதை மையமாக வைத்துத் திரும்புகிறதோ அந்தத் திருப்பு உருண்டைக்கு மேலே லிவர் 200 மி.மீ., கீழே 50 மி.மீ. என்று வையுங்கள்: விகிதம் 4. ஷார்ட் ஷிஃப்டர் கிட் (பாகத் தொகுப்பு) அந்த உருண்டையை 10 மி.மீ. உயர்த்தி, அடிப்பக்கத்தை அதே அளவு நீட்டினால் 190-க்கு 60, விகிதம் 3.17. பயணம் சுமார் 21 சதவீதம் குறையும். கை கொடுக்க வேண்டிய விசை சுமார் 26 சதவீதம் கூடும். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சின்க்ரோ, கியர்களின் வேகத்தைச் சமன்செய்ய எடுக்கும் நேரம் மட்டும் மாறாது. அவசரமாகத் தள்ளினால் சின்க்ரோ வளையம் தேயும். முதன்முறை செய்பவர்கள் 20, 25 சதவீதத்தோடு நிறுத்துங்கள். 40 சதவீதக் கிட்டை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

லிவரை வெட்டி வெல்டிங் வைக்காதீர்கள். பிரேக் பிடித்தபடி கியர் குறைக்கும்போது அது கையோடு வந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

பூட்டுதல், சரிபார்த்தல்

உருண்டைகளில் கிரீஸ் தடவி, லிவரை நேராக இறக்கி, மூன்று போல்ட்டையும் மாற்றி மாற்றி 10 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குங்கள். அலுமினிய மறை, பலம் காட்டினால் போய்விடும். கன்சோலை மாட்டும் முன் எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். ரிவர்ஸில் எங்காவது உலோகம் முட்டும் சத்தம் வந்தால் நீண்ட அடிப்பக்கம் குழியில் இடிக்கிறது. கழற்றி, உருண்டையை உயர்த்தும் ஸ்பேசரை (இடைத் துண்டு) பாருங்கள். கியர் போட்டு லிவரைவிட்டுக் கை எடுத்ததும் அது தானாகத் திரும்பி வந்தால் பூட் இழுக்கிறது. டிராக்கில் கியர் நழுவ அது ஒன்றே போதும்.

கடைசியாக ரேஸ் சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டை இறுக்கி, கையுறையோடு 3-ம் 5-ம் போடுங்கள். தோள் பெல்ட் உங்களை முன்னே சாய விடாது. கை எட்டவில்லை என்றால் நாபுக்கு அடியில் நீட்டிப்புத் துண்டு போடுங்கள். குளிர்ந்த பாக்ஸில் 2 முரண்டு பிடிப்பது இந்த வண்டியின் குணம். முதல் இரண்டு சுற்றுக்கு மெதுவாக மாற்றுங்கள். சூடேறியும் அப்படியே இருந்தால் சின்க்ரோ தேய்ந்திருக்கிறது, பாக்ஸை இறக்கத்தான் வேண்டும்.