பள்ளிக்கூடத்திலிருந்து எட்டெக் வேலைக்கு: ஒரே ஒரு மாதிரிப் பாடத்தை வைத்துத் திட்டமிடுவது எப்படி?

கணக்கு டீச்சராக இருந்துவிட்டு இப்போது எட்டெக்கில், அதாவது கல்வித் தொழில்நுட்பத் துறையில், இணையவழிப் பாடங்களை வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். "நானும் வரலாமா, என்ன கோர்ஸ் படிக்கணும்?" என்று பழைய சக ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கோர்ஸ் அப்புறம். முதலில் கையில் ஒரு மாதிரிப் பாடம் வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டும், இணைப்பைத் தட்டினால் ஓட வேண்டும். ஆளெடுப்பவர்கள் சான்றிதழ்களைப் புரட்டி நான் அதிகம் பார்த்ததில்லை. இணைப்பைத் தட்டிப் பார்ப்பார்கள், அதிலும் தப்பான விடையை வேண்டுமென்றே தொட்டுப் பார்ப்பார்கள்.

படி 1: எந்த வேலை என்று முடிவு செய்யுங்கள்

எட்டெக் என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே வேலைகள் வேறு வேறு. பாடத்தின் ஓட்டத்தையும் திரைகளையும் திட்டமிடுபவர் இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர். பாடப்பொருளை எழுதிக் கொடுத்துச் சரிபார்ப்பவர் எஸ்எம்இ, அதாவது பாட வல்லுநர். மூடில் போன்ற கற்றல் மேலாண்மைத் தளத்தைப் பராமரிப்பவர் எல்எம்எஸ் அட்மின். பள்ளிகளுக்குப் போய் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருபவர்களும் உண்டு. ஆசிரியர்களுக்கு மிக எளிதாகத் திறக்கும் கதவு எஸ்எம்இ. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் வேலை பெரும்பாலும் வினாத்தாள் எழுதுவதாகவே இருக்கும். என் ஓட்டு இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனுக்கு.

விளம்பரத்தில் "அகாடமிக் கவுன்சிலர்" என்று போட்டு, கீழே டார்கெட், இன்சென்டிவ் என்றெல்லாம் இருந்தால் அது பெற்றோருக்கு போன் போட்டுப் பாடத்தை விற்கும் வேலை. அதில் தப்பு ஒன்றும் இல்லை, தெரிந்தே போங்கள்.

படி 2: கையில் இருக்கும் வேலையை விடாதீர்கள்

2020 ஊரடங்கில் எட்டெக் கம்பெனிகள் வளர்ந்த வேகத்தைப் பார்த்துப் பலர் ராஜினாமா செய்துவிட்டு ஓடினார்கள். அவற்றில் மிகப் பெரியதாக இருந்த பைஜூஸ் மீது 2024இல் திவால் நடவடிக்கை தொடங்கியது. அதனால் பி.எட்., டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) இரண்டையும் உயிரோடு வைத்திருங்கள். டெட் சான்றிதழ் ஏழு ஆண்டுகளுக்குத்தான் என்ற விதி 2021இல் போய்விட்டது. ஒருமுறை தேறினால் ஆயுளுக்கும் செல்லும், 2011 முதல் தேறியவர்களுக்கும் சேர்த்து. திரும்பி வர ஒரு வழி இருக்கிறது என்ற தைரியத்தில்தான் சம்பளப் பேச்சுவார்த்தையே நிமிர்ந்து செய்ய முடியும்.

நேரத்துக்குப் பள்ளி நாட்காட்டியையே பிடித்துக்கொள்ளுங்கள். காலாண்டு விடுமுறையில் ஸ்டோரிபோர்டு (பாடத்தைத் திரை திரையாக எழுதி வைக்கும் திட்டம்), அரையாண்டு விடுமுறையில் பாடத்தைக் கட்டுவது, மே மாதத்தில் விண்ணப்பம். தினமும் இரவு ஒரு மணி நேரம் என்று திட்டம் போட்டால் விடைத்தாள் கட்டு வந்ததும் அது காணாமல் போகும்.

படி 3: பிள்ளைகள் தப்பு செய்யும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

"ஒளிச்சேர்க்கை", "சோழர்கள்" என்று முழுப் பாடத்தை எடுக்க வேண்டாம். எடுத்தால் அது அழகான ஸ்லைடு தொகுப்பாக முடியும். வகுப்பில் ஆண்டுதோறும் பிள்ளைகள் வழுக்கி விழும் ஒரே ஓர் இடத்தை எடுங்கள். கம்ப்யூட்டர் படித்துவிட்டு வருபவர்களுக்குத் தெரியாததும் நமக்கு மட்டும் தெரிந்ததும் அதுதான்.

நான் எடுத்தது தசம எண்கள். 0.3, 0.25, 0.125 மூன்றில் எது பெரியது என்று ஏழாம் வகுப்பில் கேளுங்கள். 0.125 என்று ஒரு கூட்டம் சொல்லும். 125 பெரிய எண் அல்லவா! இன்னொரு கூட்டம் 0.3 என்று சரியாகச் சொல்லும். ஆனால் அதிலும் சிலர், புள்ளிக்குப் பின்னால் இலக்கம் குறைந்தால் எண் பெரியது என்ற தப்பான கணக்கில் வந்தவர்கள். அவர்களைப் பிடிக்க 0.4, 0.45, 0.457 என்று இரண்டாவது கேள்வி வேண்டும். அவர்கள் 0.4ஐத் தொடுவார்கள். முதல் கூட்டம் இதில் தப்பான காரணத்தோடு சரியாக 0.457ஐத் தொடும். இரண்டு விடைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் யார் எப்படி யோசிக்கிறார்கள் என்று தெரியும்.

இந்த ஒரு பத்தியை நேர்முகத்தில் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

படி 4: ஸ்டோரிபோர்டு

பாடத்திட்டக் குறிப்பேடு எழுதிப் பழகியவர்கள் இங்கேதான் திணறுவார்கள். குறிப்பேட்டில் "ஆசிரியர் விளக்குகிறார்" என்று எழுதினால் போதும், மீதியை வகுப்பில் வாயால் பார்த்துக்கொள்ளலாம். ஸ்டோரிபோர்டில் அப்படி விட முடியாது. அதைப் படித்துத் திரையை உருவாக்கப்போகிறவர் உங்களை நேரில் பார்த்தேயிராதவர். அவருக்குக் கணக்கும் தெரியாது என்றே வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

கூகுள் டாக்ஸில் ஒரு அட்டவணை போதும். இதற்கென்று விற்கும் டெம்ப்ளேட் எதுவும் வேண்டாம். திரை எண், திரையில் வரும் எழுத்து, படம் பற்றிய குறிப்பு, குரலில் சொல்வது, மாணவர் செய்வது, அவர் செய்ததும் என்ன நடக்கும் என்று ஆறு நெடுவரிசை. கடைசி நெடுவரிசைதான் உயிர். "தவறு, மீண்டும் முயல்க" என்று அதில் எழுதினால் பாடம் செத்தது. 0.125ஐத் தொட்ட பிள்ளைக்கு நான் எழுதியது இது: "125, 3ஐ விடப் பெரியதுதான். இப்போது புள்ளிக்கு அடுத்த இலக்கத்தை மட்டும் பாருங்கள். இங்கே 1, அங்கே 3. பத்தில் ஒரு பங்கு பெரியதா, பத்தில் மூன்று பங்கு பெரியதா?"

0.3ஐ 0.300 என்று எழுதி ஒப்பிடு என்று குறுக்குவழி சொல்லலாமே என்பார்கள். விடை வரும். ஆனால் பிள்ளை மறுபடியும் 300, 125 என்று முழு எண்களைத்தான் ஒப்பிடும், தசமத்தை அல்ல. நான் அதைத் தொடவே இல்லை.

படி 5: கட்டுங்கள்

பாடம் கட்டும் மென்பொருளான ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன் கேட்கும் கம்பெனிகள் நிறைய. ஆனால் விலை அதிகம், விண்டோஸில் மட்டும்தான் ஓடும், இலவசச் சோதனைக் காலம் 30 நாள். ஸ்டோரிபோர்டு முடியாமல் அந்த 30 நாளைத் தொடங்கிவிடாதீர்கள். முதல் பாடத்துக்கு என் தேர்வு லூமி. எச்5பி என்ற வகைப் பாடங்களை, அதாவது மாணவர் தொட்டு விடை சொல்லும் பாடங்களை, கணினியிலேயே செய்ய உதவும் இலவச மென்பொருள். கேன்வாவில் வீடியோ செய்து அனுப்புகிறவர்கள் உண்டு. வீடியோவில் பிள்ளை எதையும் தொடுவதில்லை என்பதால் எனக்கு அது மாதிரிப் பாடமாகவே தெரிவதில்லை.

லூமியில் "மல்டிபிள் சாய்ஸ்" கேள்வியைத் திறந்தால் ஒவ்வொரு விடைக்கும் கீழே "டிப்ஸ் அண்ட் ஃபீட்பேக்" என்ற பகுதி மூடிக் கிடக்கும். பலர் அதைக் கவனிக்காமலே போய்விடுவார்கள். அதைத் திறந்து, அந்த விடையைத் தேர்ந்தால் காட்டும் செய்திக்கான பெட்டியில் படி 4இல் எழுதியதை ஒட்டுங்கள். "செக்", "ரீட்ரை" பொத்தான்களைத் தமிழாக்கும் இடம் பக்கத்தின் அடியில் இருக்கிறது. அதையும் மாற்றிவிடுங்கள், பாதித் தமிழில் நிற்கும் திரை கண்ணை உறுத்தும்.

பாடநூல் பக்கத்தை ஸ்கேன் செய்து போடாதீர்கள், அதற்குக் காப்புரிமை உண்டு. உங்கள் மாணவர்களின் படமும் குரலும் கூடவே கூடாது.

படி 6: ஸ்கார்ம் ஆக்கி ஓட்டிப் பாருங்கள்

ஒரு மாணவர் பாடத்தை முடித்தாரா, எவ்வளவு மதிப்பெண் என்று பாடம் எல்எம்எஸ்ஸுக்குச் சொல்லும் முறைக்கான பொது ஒப்பந்தம்தான் ஸ்கார்ம். 2001இல் வந்த 1.2 பதிப்பையே இன்றும் நிறையப் பேர் கேட்கிறார்கள். லூமியில் ஸ்கார்ம் என்று தேர்ந்து ஏற்றுமதி செய்தால் ஒரு ஜிப் ஃபைல் வரும்.

அந்த ஜிப்பை அப்படியே வையுங்கள். திறந்து பார்க்கும் ஆசையில் விரித்து, அந்த ஃபோல்டரை மறுபடி ஜிப் செய்தால் எல்லாம் ஒரு படி உள்ளே போய்விடும். "ஐஎம்எஸ்மேனிஃபெஸ்ட்" என்ற எக்ஸ்எம்எல் ஃபைல் ஜிப்பின் முதல் மட்டத்திலேயே இருந்தாக வேண்டும். ஒரு ஃபோல்டருக்குள் இருந்தால் எல்எம்எஸ் "மேனிஃபெஸ்ட் இல்லை" என்று திருப்பி அனுப்பும். உள்ளே இருக்கிறதே என்று நாம் தலையைப் பிய்த்துக்கொள்வோம். விரித்துத்தான் ஆக வேண்டும் என்றால், மறுபடி கட்டும்போது ஃபோல்டரைத் தேர்ந்தெடுக்காமல் அதற்குள் இருக்கும் ஃபைல்கள் அத்தனையையும் தேர்ந்து ஜிப் செய்யுங்கள்.

ஓட்டிப் பார்க்க, ஸ்கார்ம் பாடங்களைச் சோதிக்கும் தளமான ஸ்கார்ம் கிளவுடில் இலவசக் கணக்கு போதும். மூடிலின் பொதுச் சோதனைத் தளமும் இருக்கிறது. ஆனால் அது மணிக்கொருமுறை துடைத்துப் புதிதாகிவிடும், ஏற்றியதும் பார்த்துவிடுங்கள். மாணவர் கணக்கில் நுழைந்து பாருங்கள். ஒருமுறை எல்லாம் சரியாக, ஒருமுறை எல்லாம் தப்பாக.

படி 7: விண்ணப்பம்

ரெஸ்யூமேயின் மேல் வரியிலேயே பாடத்தின் இணைப்பு, அடுத்து ஸ்டோரிபோர்டின் இணைப்பு. பல இடங்களில் நேர்முகத்துக்கு முன் ஒரு டெஸ்ட் உண்டு. இரண்டு பக்கம் கரடுமுரடான பாடப்பொருளைக் கொடுத்து ஸ்டோரிபோர்டு ஆக்கச் சொல்வார்கள். படிக்கப்போவது யார் என்று அதில் சொல்லியிருக்காவிட்டால் கேளுங்கள், கேட்பதும் மதிப்பெண்தான். கோர்ஸ் வேண்டுமென்றால் இப்போது சேருங்கள். இணையவழிப் படிப்புகள் தரும் என்பிடெல், ஸ்வயம் இரண்டிலும் படிப்பது இலவசம், என்பிடெல்லில் தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம்.

பின்சேர்க்கை: பின்னூட்டங்களில் வந்த சிக்கல்கள்

மேக் வைத்திருப்பவர்கள்: சஃபாரி உலாவி இறக்கிய ஜிப்பைத் தானாகவே விரித்துவிடும், படி 6இன் தொல்லை அங்கேயே தொடங்குகிறது. செட்டிங்கில், இறக்கியதும் "பாதுகாப்பான" ஃபைல்களைத் திறக்கும் தேர்வை எடுத்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

பள்ளியின் பழைய வினா வங்கியிலிருந்து ஒட்டினால் எழுத்து கன்னாபின்னாவென்று தெரிகிறது என்று ஒரு டீச்சர் எழுதியிருந்தார். அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. முதலில் யூனிகோடாக மாற்றுங்கள், இலவச மாற்றிகள் இணையத்தில் நிறைய. மாற்றிய பிறகு ஒருமுறை வரி வரியாகப் படித்துவிடுங்கள்.

கூகுள் டிரைவில் எச்டிஎம்எல் ஃபைலைப் போட்டு இணைப்பு அனுப்பினால் எதிரில் இருப்பவருக்குப் பாடம் ஓடாது, நிரல் வரிகள்தான் தெரியும். லூமியில் ஒரே எச்டிஎம்எல் ஃபைலாக ஏற்றுமதி செய்து, அதற்கு "இன்டெக்ஸ்" என்று ஆங்கிலத்தில், எல்லாம் சிறிய எழுத்தில் பெயர் வைத்து, இணையப் பக்கங்களை ஏற்றி வைக்கும் கிட்ஹப் பேஜஸில் போடுங்கள். கணக்கு இலவசம். அனுப்பும் முன் வேறொருவர் போனில் அந்த இணைப்பைத் திறந்து பாருங்கள், நாம் ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் கணினியில் எல்லாமே ஒழுங்காகத்தான் தெரியும்.