மாடியில் மீன் வளர்க்குமுன்: வடசென்னையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் கரையில் நிற்க, மீன் விலை ஏறும்போதுதான் பலருக்கும் "நாமே வளர்த்தால் என்ன?" என்று தோன்றுகிறது. நல்ல யோசனைதான். ஆனால் வீடியோ பார்த்த வேகத்தில், நுண்ணுயிர்த் திரளோடு மீன் வளர்க்கும் பயோஃப்ளாக் தொட்டிக்கு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

முதல் தவறு மொட்டை மாடி. 4 மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் 1.2 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பினால் 15 டன் வரும். சதுர மீட்டருக்கு 1,200 கிலோ. சாதாரண வீட்டு மாடியைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்கும் கணக்கில்தான் கட்டுகிறார்கள். தரையில் இடமில்லை என்றால் இந்தத் தொழில் வேண்டாம், அவ்வளவுதான்.

அடுத்தது தண்ணீர். எண்ணூர் கழிமுகத்துத் தண்ணீரையோ பக்கிங்காம் கால்வாய்த் தண்ணீரையோ கிட்டவே கொண்டுவரக் கூடாது. தொழிற்சாலைக் கழிவும் அனல்மின் நிலையச் சாம்பலும் போதாதென்று, 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெயும் வந்து சேர்ந்த இடம் அது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்து பல காலம் ஆகிறது. அதனால் போர் தண்ணீரைப் பரிசோதிக்காமல் குஞ்சு வாங்காதீர்கள். லேசான உப்பை ஜிலேபி மீன் (திலேப்பியா) தாங்கும், கட்லாவும் ரோகுவும் அந்த அளவுக்குத் தாங்காது. மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் போக வேண்டும். காற்றடித்தபடி ஒன்றிரண்டு நாள் விட வேண்டும் என்பது கொளத்தூரில் வண்ண மீன் வளர்க்கும் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

அதிகப் பணம் போவது இதற்கப்புறம்தான். மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் விட்ட தீவனத்திலிருந்தும் அம்மோனியா வருகிறது. மொலாசஸோ வெல்லமோ சேர்த்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று திரளாகப் பெருகும்; அந்தத் திரளையே மீன் தின்னும். பயோஃப்ளாக் என்பது இதுதான். அந்தத் திரள் உருவாகச் சில வாரம் ஆகும். தொட்டி நிரப்பிய மறுநாளே குஞ்சு விட்டால் அம்மோனியாவே கொன்றுவிடும். திரள் வந்தபிறகோ வேறு சிக்கல்: மீனோடு கோடிக்கணக்கான நுண்ணுயிர்களும் மூச்சு விடுகின்றன. நெருக்கமாக மீன் விட்ட தொட்டியில் காற்றடிக்கும் மோட்டார் நின்றால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். இன்வர்ட்டரோ ஜெனரேட்டரோ இல்லாமல் தொடங்குவது சூதாட்டம். மிக்ஜாம் புயலில் பல தெருக்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லாததை யாரும் மறந்திருக்க மாட்டோம். காற்று குறைந்தால் தீவனத்தை உடனே நிறுத்துங்கள். பசியில் மீன் அவ்வளவு சீக்கிரம் சாகாது.

கடலுக்கு மாற்று என்று சொல்லிக்கொண்டே கடலைச் சுரண்டுவதும் நடக்கிறது. கொடுவா நல்ல விலை போகும் என்று அதை வளர்த்து, காசிமேட்டில் மலிவாகக் கிடைக்கும் கழிசல் மீனை வாங்கிப் போடுகிறார்கள். கழிசலில் இன்னும் வளர வேண்டிய குஞ்சுகளும் நிறைய. கம்பெனித் தீவனமும் ஊனுண்ணி மீனுக்கானது என்றால் அதில் மத்தி போன்ற மீன்களின் தூள் கணிசமாக இருக்கும். கடலில் பிடிப்பதைக் குறைக்க வேண்டும் என்பது உங்கள் எண்ணமானால், தாவரப் புரதத்தில் வளரும் ஜிலேபியோ கெண்டை வகைகளோதான் சரி. மரபு மேம்பட்ட கிஃப்ட் திலேப்பியா வளர்க்க மீன்வளத் துறை அனுமதி வேண்டும். வேகமாக வளர்கிறது என்று யாராவது ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு கொடுத்தால் வாங்காதீர்கள், அது தடை செய்யப்பட்டது.

விற்பனையை யோசிக்காமல் இறங்குவதும் உண்டு. வஞ்சிரமும் சங்கராவும் தின்று வளர்ந்த ஊரில் ஜிலேபிக்கு மரியாதை கம்மி. உயிரோடு விற்றால்தான் கை கடிக்காது, அதுவும் தடைக்காலத்தில். விற்கும் எடைக்கு வர ஆறு மாதம் என்று வைத்தால் அக்டோபர், நவம்பரில் குஞ்சு விட வேண்டும். அதாவது சரியாக மழையும் மின்வெட்டும் வரும் நேரம். ஆகவே ஜெனரேட்டரை முதலில் வாங்குங்கள், தொட்டியை அப்புறம். பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் என்று 2020-இல் அறிவித்தார்கள். மாதவரத்திலேயே மீன்வளப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. தொட்டி விற்பவரிடம் பேசுமுன் அங்கே ஒரு நடை போய்வாருங்கள்.