மேப்புக்குள் மேப்: விலையை எடுக்கப் போய் நான் செய்த தவறுகள்

மாமாவுக்குத் திருகோணமலையில் மொத்த மீன் வியாபாரம். அவருக்காக ஹாஸ்கல் என்ற நிரல்மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். மீன் இறங்கும் துறையின் பெயரைக் கொடுத்தால் ஒரு மேப் வரும்; மேப் என்றால் சாவியைக் கொடுத்து மதிப்பை எடுக்கும் அட்டவணை. அதில் மீனின் பெயரைத் தேடினால் கிலோ விலை. இரண்டே அடுக்குதான், ஆனால் அதற்குள் நான் செய்யாத பிழை இல்லை.

மேப்பில் தேடும் லுக்அப் தருவது மேபி: இருந்தால் ஜஸ்ட், இல்லையென்றால் நத்திங். விலை எப்படியும் இருக்கும் என்ற நம்பிக்கையில் ஃப்ரம்ஜஸ்ட் போட்டு உள்ளிருப்பதைப் பிடுங்கினேன். கார்த்திகையில் கடல் அடித்தது, நிலாவெளியில் வள்ளம் இறங்கவில்லை, பதிவும் இல்லை. நிரல் விழுந்தது. எந்தத் துறை, எந்த மீன் என்று பிழைச் செய்தியில் ஒரு சொல் கிடையாது. பட்டியலில் ஹெட், அதாவது முதல் உறுப்பை, எடுப்பதும் இதே ரகம்தான், பட்டியல் வெறுமையென்றால் விழும்; ஹாஸ்கல் கம்பைலரான ஜிஎச்சியில் 9.8 முதல் அதற்கு எச்சரிக்கையே வருகிறது.

சரி, விழாமல் பார்த்துக்கொள்வோம் என்று ஃப்ரம்மேபி போட்டு, இல்லாத இடத்தில் 0 வைத்தேன். இது முந்தியதைவிட மோசம். விழுந்த நிரலாவது சத்தம் போடும். அறுக்குளா ஒரு துறையில் 2400, இன்னொன்றில் 2600, மூன்றாவதில் வரவே இல்லை. சராசரி 2500 வரவேண்டிய இடத்தில் 1666 வந்தது.

“என்ன மருமகன், அறுக்குளா ஆயிரத்து அறுநூறா? எங்கயெண்டு சொல்லு, லொறியோட வாறன்” என்றார் மாமா.

சராசரிக்கு மேப்மேபி போதும்; இல்லாததைத் தள்ளிவிட்டு இருப்பதை மட்டும் கொடுக்கும்.

அடுத்தது எஃப்மேப்: மேபிக்குள் இருப்பதன்மேல் ஒரு வேலையை ஓட்டித் தருவது. முதல் லுக்அப்பின் விடைமேல் எஃப்மேப் கொண்டு இரண்டாவது லுக்அப்பை ஓட்டினால், கிடைப்பது மேபிக்குள் மேபி. எஃப்மேப்புக்குப் பதில் பைண்ட் (>>=) போட்டால் ஓரடுக்காகிவிடும். பெரும்பாலும் அதுதான் சரி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தட்டையாக்காதீர்கள்: வெளி நத்திங் என்றால் துறையிலிருந்தே பதிவில்லை, உள் நத்திங் என்றால் வள்ளம் வந்தது, அந்த மீன் படவில்லை. மாமாவுக்கு இரண்டும் வேறு வேறு சேதி. அப்படியான இடத்தில் மேபியை விட்டு ஈதர் எடுங்கள்: விடை இருந்தால் ரைட், இல்லையென்றால் காரணத்தைத் தாங்கும் லெஃப்ட். ஒவ்வொரு நத்திங்கையும் காரணத்தோடு லெஃப்ட் ஆக்கினால், அதே பைண்ட் இங்கேயும் ஓடும்.

க்ளோஜர் என்ற இன்னொரு நிரல்மொழியில், அடுக்கு மேப்புக்குள் தேடும் கெட்-இன் பாவிப்பவர்களுக்கும் இதே குழிதான். சாவி இல்லாவிட்டாலும் நில் (nil, வெறுமை), சாவிக்குள் நில் இருந்தாலும் நில்.

இப்போது திரையில் 0 வருவதில்லை. ‘திருக்கடலூர்: அறுக்குளா படவில்லை’ என்று வந்தால் மாமா அடுத்த துறைக்குப் போன் எடுக்கிறார், ‘நிலாவெளி: பதிவில்லை’ என்று வந்தால் எனக்கு எடுக்கிறார்.