நாம் இல்லாத காலத்துக்குத் திட்டமிடுவது: வன்னியில் தவிர்க்க வேண்டிய பிழைகள்

இரணைமடுக் குளத்தின் வேலை 1902-ல் தொடங்கியது. மண் சுமந்தவர்கள், அளவு பிடித்தவர்கள், கையெழுத்து வைத்தவர்கள் யாரும் இன்று இல்லை. கட்டு அதன் பிறகு பல தடவை உயர்த்தப்பட்டிருக்கிறது. ஆனாலும் கனகராயன் ஆற்றை இந்த இடத்தில் மறிப்போம் என்று அன்று எடுத்த முடிவை நம்பித்தான் கிளிநொச்சியில் இன்னமும் நெல் விதைக்கிறோம். அரச திட்டமிடலில் நீண்டகாலம் என்று நான் சொல்வது இப்படியான முடிவுகளை. பல வருடங்களாகப் பிரதேச, மாவட்டக் கூட்டங்களில் இருந்தவன் என்ற முறையில், திரும்பத் திரும்ப விடுகிற சில பிழைகளை எழுதுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி, தங்கச்சிமாருக்கு உதவட்டும்.

முதல் பிழை, சராசரியை நம்புவது. 2016, 2017-ல் வன்னி வறட்சியில் காய்ந்தது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. இந்த வருடங்களைக் கூட்டி வகுத்தால் ஓரளவு நல்ல மழை என்று ஒரு எண் வரும். அப்படி ஒரு மழை எந்த வருடமும் பெய்யவில்லை. ஆனால் சில இடங்களில் மதகின் அகலத்தை அந்த மாதிரி எண்ணை வைத்தே முடிவு செய்துவிடுகிறோம். எனக்குத் தெரிந்த ஒரு ஊரில் வீதியை உயர்த்திப் போட்டார்கள். நல்ல வீதி. அடியில் வைத்த மதகு மட்டும் சின்னது. முன்பு வீதிக்கு மேலால் வழிந்து ஓடிய தண்ணீர், இப்போது வீதியே கட்டாக மறிக்க, பின்னால் இருந்த வீடுகளுக்குள் ஏறியது. மூன்று நாள் அடுப்புக்கல் தண்ணீருக்குள் கிடந்தது. கூடுதலாக ஒரு குழாய் வைத்திருந்தால் போதும்.

இதற்கு மாற்று, எதிர்காலத்தைச் சரியாகச் சொல்வது என்று நினைக்க வேண்டாம். அது யாராலும் முடியாது. மூன்று, நான்கு விதமான எதிர்காலங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: மழை ஒரே மாதத்தில் கொட்டித் தீர்க்கும் வன்னி, இளம் பிள்ளைகள் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்ட வன்னி, யாழ்ப்பாணத்தின் தண்ணீர்த் தேவை இரட்டித்த வன்னி. நம் திட்டம் இவற்றில் எத்தனையில் தாக்குப்பிடிக்கும் என்று கேளுங்கள். கமக்காரருக்கு இது புதிதே இல்லை. சிறுபோகக் கூட்டத்தில் முதலில் கேட்பது 'குளத்தில் எத்தனை அடி நிற்குது?' என்றுதான். அந்த அடிக்கணக்கை வைத்துத்தான் எத்தனை ஏக்கர், யாருக்கு எவ்வளவு பங்கு என்று முடிவாகும். நிலைமை இப்படியானால் இதைச் செய்வோம், அப்படியானால் அதைச் செய்வோம் என்று முன்கூட்டியே பேசி வைக்கும் இந்தப் பழக்கத்தை வீதிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஏன் கொண்டுவரக் கூடாது?

அடுத்தது, கட்டுவதற்குக் காசு ஒதுக்கிப் பராமரிக்க ஒதுக்காமல் விடுவது. எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது இதுதான். ஒரு வருடத்துக்கு ஒதுக்கிய காசை டிசம்பர் 31-க்குள் செலவழிக்காவிட்டால் அது திரும்பிப் போய்விடும். காசு கைக்கு வருவதோ பல தடவை வருடக் கடைசியில். வன்னிக்கு மழைக்காலம் ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை. ஆகவே மண் வேலை செய்யவே கூடாத மாதங்களில் மண் வேலை நடக்கும். நவம்பரில் பரவிய கிரவல் ஜனவரியில் வாய்க்காலுக்குள் கிடக்கும். கோப்பில் வேலை முடிந்தது என்று இருக்கும்.

குளக்கட்டைப் பாருங்கள். கட்டில் ஒரு பாலைக் கன்று முளைத்தால் பிடுங்க ஐந்து நிமிடம் போதும். இருபது வருடம் விட்டால் மரமாகும். மரம் பட்டுப் போனால் வேர் உக்கும். வேர் இருந்த துளை வழியே தண்ணீர் கசியும். கசிவு மண்ணை அரித்துக்கொண்டு போகும். இந்த ஐந்து நிமிட வேலைக்கு எந்தத் திட்டத்திலும் ஒரு வரி கிடையாது. எந்தக் கட்டுமானத்தையும் ஏற்றுக்கொள்ள முன், ஏழாவது வருடம் இதன் துருசுக்கு, அதாவது தண்ணீர் திறக்கும் கதவுக்கு, யார் கிரீஸ் பூசுவார், அந்தக் காசு எந்தக் கணக்கில் வரும் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் திட்டம் இன்னும் முடியவில்லை.

கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. வருங்கால நன்மையை இன்றைய பெறுமதிக்கு மாற்ற ஒரு கழிவு வீதம் போடுவார்கள். 10 வீதம் போட்டால், 50 வருடம் கழித்து வரும் 100 ரூபாய் நன்மைக்கு இன்றைய மதிப்பு 85 சதம். பிரித்தானியத் திறைசேரியின் வழிகாட்டியில் உள்ளதுபோல முதல் 30 வருடத்துக்கு 3.5, பிறகு 3 வீதம் என்று இறக்கினால் அது கிட்டத்தட்ட 20 ரூபாய். ஆள் மாறவில்லை, நன்மை மாறவில்லை, வீதம் மட்டும்தான் மாறியது. காடு, குளம், நிலத்தடி நீர் சம்பந்தப்பட்ட எதிலும் அந்த வீதத்தை யார், ஏன் தெரிவு செய்தார் என்று கேட்காமல் விடாதீர்கள்.

தூரத்து இலக்கை ஒரே இரவில் திணிப்பதும் பிழைதான். 2021-ல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்த வேண்டி வந்தது. மண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணத்தில் பிழை இல்லை. இடையில் வர வேண்டிய பத்துப் பதினைந்து வருடப் படிகள் ஒன்றுமே இருக்கவில்லை. அந்தக் காலபோகத்தில் மஞ்சளாகிப் போன வயல்களைப் பார்த்தவர்களிடம் இனி எதிர்காலம் பற்றிப் பேசுவது கஷ்டம்.

இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டத்துக்குக் கமக்காரர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கடைசியில் 2024-ல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. தாகமாய் இருப்பவரும் நம்மவர், வயல் செய்பவரும் நம்மவர். இருவரையும் ஒரே மேசைக்கு முதல் நாளே கூப்பிட வேண்டும், வரைபடம் முடிந்த பிறகு இல்லை.

சரி, இன்னும் பிறக்காதவரை யார் கூப்பிடுவது? வேல்ஸ் 2015-ல் வருங்காலத் தலைமுறைகளின் நல்வாழ்வுக்குச் சட்டம் போட்டு, அதற்கென ஓர் ஆணையாளரையும் வைத்தது. பின்லாந்துப் பாராளுமன்றத்தில் 1993-லிருந்தே எதிர்காலத்துக்கான குழு இருக்கிறது. நமக்கும் சொந்தத்தில் அடித்தளம் உண்டு. 2000-ல், எப்பாவலவில் பொஸ்பேற் அகழ்வதற்கு எதிரான வழக்கில் நம் உயர் நீதிமன்றம், இயற்கை வளத்துக்கு அரசு உரிமையாளர் இல்லை, காவலாளி என்ற நிலைப்பாட்டை எடுத்தது. அதற்கு மூன்று வருடம் முன்பு, ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் இடையிலான தன்யூப் அணை வழக்கில், சர்வதேச நீதிமன்ற நீதியரசராக இருந்த இலங்கையர் வீரமந்திரி தன் தனித் தீர்ப்பில் நிலைபேறான அபிவிருத்திக்கு உதாரணமாக எடுத்துக் காட்டியது இலங்கையின் பழைய குளங்களைத்தான்.

கடைசியாக, இடமாற்றம். ஐந்து வருடத்தில் ஆள் மாறுகிறார், ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்ற காரணமும் அவரோடு போய்விடுகிறது. கையளிக்கும்போது மூன்று பக்கம் எழுதி வையுங்கள்: எதைச் செய்யாமல் விட்டோம், ஏன் விட்டோம், எந்த அறிகுறி தெரிந்தால் இந்த முடிவை மாற்ற வேண்டும். நான் ஓர் அலுவலகத்தில் பொறுப்பெடுத்தபோது ஒரு பழைய பொறியியலாளர் கோப்புக்குள் ஒரு துண்டுத்தாள் வைத்திருந்தார். 'இந்த அலைகரைக் காணிக்கு உறுதி கேட்டு வருவார்கள். பத்து வருடத்துக்கு ஒருமுறை தண்ணீர் அதுவரை வரும். கொடுக்க வேண்டாம்.' அடுத்த மாதமே கேட்டு வந்தார்கள். தாளை எடுத்துக் காட்டினேன்.