கைத்தட்டல் வேண்டுமா, பதில் வேண்டுமா? மக்களவையில் புதிய எதிர்க்கட்சி உறுப்பினர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எதிர்க்கட்சி வரிசையில் உட்காரும் புதிய உறுப்பினரிடம் ஆணை போடும் அதிகாரம் கிடையாது, கோப்பும் கிடையாது. அமைச்சரை, அவை நடவடிக்கைகளின் பதிவான அவைக்குறிப்பில் ஏதாவது ஒன்றுக்குக் கட்டுப்பட வைப்பதுதான் அவரால் ஆகக்கூடியது. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஒரே வாய்ப்பையும் கைநழுவ விடுபவை.

முதல் சறுக்கல் பதவியேற்பிலேயே நடந்துவிடுகிறது. 2024 ஜூனில் பலர் உறுதிமொழியோடு தலைவர்களுக்கு வாழ்த்தும் முழக்கமும் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு, உறுதிமொழிக்கு முன்னும் பின்னும் வேறு சொல் எதையும் சேர்க்கக் கூடாது என்று மக்களவைத் தலைவர் தம் வழிகாட்டு நெறிகளைத் திருத்திவிட்டார். வாழ்த்து சொல்ல வெளியே இடமா இல்லை?

அடுத்தது நேரக் கணக்கு. ஒரு மசோதாவுக்கு எத்தனை மணி நேரம் என்பதை அலுவல் ஆலோசனைக் குழு முடிவு செய்யும். அந்த நேரம் கட்சிகளின் பலத்துக்கு ஏற்பப் பிரியும். 4 மணி நேரம் ஒதுக்கினால், 543 பேர் அவையில் 22 உறுப்பினர் உள்ள கட்சியின் பங்கு ஏறத்தாழ 10 நிமிடம். இருவர் பேசினால் ஆளுக்கு ஐந்து. கொறடா தரும் பட்டியலில் புதியவர் பெயர் பெரும்பாலும் கடைசியில்தான் இருக்கும். முன்னால் பேசியவர் நீட்டிவிட்டால் ஐந்து மூன்றாகிவிடும். இந்த மூன்று நிமிடத்தில் தலைவருக்கு நன்றி, தொகுதி மக்களுக்கு நன்றி, ஒரு குறள், ஒரு கவிதை என்று போனால், மசோதாவின் பெயரைச் சொல்லும்போதே மணி அடித்துவிடும். நம்மூர் மேடைப் பழக்கம் இங்கே பகை.

நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்கு 100 சொல் என்று வைத்துக்கொள்ளலாம். எனவே 400 சொல்லில் ஒரு பேச்சும், அதையே 200 சொல்லுக்குச் சுருக்கி இன்னொன்றும் கையில் இருக்க வேண்டும். முதல் வாக்கியத்திலேயே எந்த உட்பிரிவை எதிர்க்கிறோம், ஏன் என்பது வந்துவிட வேண்டும். கோரிக்கையைக் கடைசிக்கு வைக்காதீர்கள். கடைசி வாக்கியம் பல நேரம் மைக் அணைந்த பிறகுதான் வரும். மக்களவைத் தலைவரின் அனுமதி இல்லாமல் எழுதிவைத்த உரையை அப்படியே படிக்க விதி இடம் தருவதில்லை என்பதால், குறிப்புகளாக வைத்துக்கொள்வது நல்லது. தமிழில் பேசப் போகிறவர்கள் அந்தக் குறிப்பின் ஒரு பிரதியை மொழிபெயர்ப்பாளர்களுக்கு முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். ஊர்ப்பெயரும் புள்ளிவிவரமும் விரைந்து வரும்போது மொழிபெயர்ப்பில் முதலில் விழுபவை அவைதான். எதிரே இருக்கும் அமைச்சர் கேட்பது உங்கள் குரலை அல்ல, காதுக்கருவியில் வரும் குரலை.

கன்னிப்பேச்சில் குறுக்கிட மாட்டார்கள் என்பது மரபு. அதை நம்பி அடக்கி வாசிக்க வேண்டியதில்லை. 1962-ல் மாநிலங்களவையில் அண்ணா தம் முதல் உரையிலேயே திராவிட இனத்தைச் சேர்ந்தவன் என்பதையும் சுயநிர்ணய உரிமையையும் எடுத்துவைத்தார். காரசாரம் தவறில்லை. ஆனால் மேற்கோளுக்கு ஆதாரம் சொல்லாமல் போவது தவறு. 2019 ஜூனில் திரிணாமூல் காங்கிரஸ் எம்.பி. மஹுவா மொய்த்ரா பாசிசத்தின் அடையாளங்களைப் பட்டியலிட்ட முதல் உரை நாடெங்கும் பேசப்பட்டது. அமெரிக்கக் கட்டுரை ஒன்றிலிருந்து எடுத்தது என்ற குற்றச்சாட்டும் உடனே கிளம்பியது. அமெரிக்க யூதப் படுகொலை நினைவு அருங்காட்சியகத்தில் இருந்த சுவரொட்டியை அவர் அந்த உரையிலேயே குறிப்பிட்டிருந்தார். கட்டுரையாளரும் குற்றச்சாட்டை மறுத்தார். அந்த ஒரு குறிப்பு இல்லாதிருந்தால் பதில் சொல்வது கடினமாகியிருக்கும்.

மிகுந்த சேதம் செய்வது ஆதாரமில்லாத குற்றச்சாட்டு. அவையில் பேசியதற்காக வழக்குப் போட முடியாது என்று அரசியலமைப்பின் 105-வது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. அது நீதிமன்றத்திலிருந்துதான் காக்கும், அவை விதிகளிலிருந்து அல்ல. ஒருவர் மீது அவதூறான அல்லது குற்றம் சாட்டும் பேச்சு என்றால், 353-வது விதிப்படி மக்களவைத் தலைவருக்கும் உரிய அமைச்சருக்கும் முன்கூட்டியே அறிவிப்புத் தர வேண்டும். நீதிமன்ற விசாரணையில் இருப்பதைத் தொடக் கூடாது. நீதிபதிகளின் பணி நடத்தையை விவாதிக்க 121-வது பிரிவு தடை போடுகிறது. பதவி நீக்கத் தீர்மானத்துக்கு மட்டுமே விலக்கு. மீறினால் 380-வது விதிப்படி அந்தச் சொற்கள் அவைக்குறிப்பிலிருந்து நீங்கும். 2024 ஜூலையில் எதிர்க்கட்சித் தலைவர் ராகுல் காந்தியின் உரையிலேயே சில பகுதிகள் நீக்கப்பட்டன. புதியவருக்குச் சலுகை எதிர்பார்க்க முடியாது.

இதன் வால் ஒன்று உண்டு. உரை முடிந்த பத்தாவது நிமிடம் உதவியாளர் துண்டுக் காணொளியை ஏற்றிவிடுவார். மாலையில் அந்தப் பகுதி நீக்கப்பட்டதாக அறிவிப்பு வரும். நீக்கப்பட்ட பகுதியை வெளியிடுவது அவையின் உரிமை மீறல். பாட்னாவின் ‘சர்ச்லைட்’ நாளேடு தொடர்பான வழக்கில் 1958-லேயே உச்ச நீதிமன்றம் அவையின் பக்கம் நின்றது. இரவு ஒருமுறை அவைக்குறிப்பைப் பார்த்துவிட்டு ஏற்றுவதால் ஒன்றும் குடிமுழுகாது.

பதாகை தூக்கி அவையின் மையப்பகுதிக்கு ஓடுவது கட்சி முடிவு என்றால் வேறு வழியில்லை. ஆனால் விலை தெரிந்திருக்க வேண்டும். 2023 டிசம்பரில் இரு அவைகளிலுமாக 146 எதிர்க்கட்சியினர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அன்று அவைக்கே வராத அப்போதைய சேலம் எம்.பி. பார்த்திபன் பெயரும் முதல் பட்டியலில் சேர்ந்து, பிறகு எடுக்கப்பட்டது தனி வேடிக்கை. இடைநீக்கக் காலத்தில், அமைச்சரிடம் கேட்க ஏற்கெனவே குலுக்கலில் விழுந்த கேள்வியும் போய்விடும்.

கேள்விதான் உண்மையான ஆயுதம். அதில் புதியவர்கள் செய்யும் பிழைகள் பல. அறிவிப்புக்குக் குறைந்தது 15 முழு நாள் வேண்டும். ஒரு நாளுக்கு நட்சத்திரக் கேள்வி (அவையில் வாய்மொழிப் பதில் பெறுவது) 20, நட்சத்திரமில்லாதவை (எழுத்தில் மட்டும் பதில்) 230 என்பதால் போட்டி கடுமை. கேள்வி 150 சொல்லைத் தாண்டினாலும், வாதமோ கிண்டலோ கலந்தாலும், மாநில அரசின் பொறுப்பைக் கேட்டாலும் தள்ளுபடிதான். ‘எங்கள் ஊர்ப் பேருந்து நிலையம் ஏன் இடிந்து கிடக்கிறது’ என்றால் போகாது. அந்த நகராட்சிக்கு ஒன்றியத் திட்டத்தில் எந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கி, எவ்வளவு விடுவித்தார்கள் என்று கேட்டால் போகும். நட்சத்திரக் கேள்வி கிடைத்தால் உங்களுக்கு இரண்டு துணைக்கேள்வி. எழுத்து மூலம் வந்த பதிலை அன்று காலை படித்து, அதில் சொல்லாமல் விட்ட எண்ணைக் கேளுங்கள். இரண்டு நிமிட முன்னுரை போட்டால் அமைச்சர் முன்னுரைக்கு மட்டும் பதில் சொல்லி உட்கார்ந்துவிடுவார்.

தொகுதிப் பிரச்சினைக்கு எல்லோரும், கேள்வி நேரத்துக்குப் பின் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரத்தையே துரத்துகிறார்கள். அதே பிரச்சினையை அவையில் பதிவுசெய்ய வழிதரும் 377-வது விதி அவ்வளவு பளபளப்பாக இல்லை: 250 சொல், ஒப்புதல் பெற்ற வாசகம் மட்டும், வாரத்துக்கு ஒன்று. ஆனால் அமைச்சகம் உங்களுக்கு எழுத்தில் பதில் அனுப்பும். அந்தக் கடிதம் பூஜ்ய நேரக் காணொளியைவிடத் தொகுதிக்கு உபயோகம்.

மசோதா அறிமுகத்தையே எதிர்க்க வேண்டுமா? 72-வது விதியின் கீழ் அன்று காலை 10 மணிக்குள் அறிவிப்புத் தர வேண்டும். மசோதா மோசமானது என்று மட்டும் எழுதினால் சுருக்கமான ஒரு கூற்றோடு முடிந்துவிடும்; இந்தச் சட்டத்தை இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்ற வாதத்துக்குத்தான் முழு விவாதம் கிடைக்கும். உட்பிரிவுத் திருத்தங்களை, மசோதா எடுத்துக்கொள்ளப்படும் நாளுக்கு ஒரு நாள் முன்பே கொடுத்துவிட வேண்டும்.

பேசி முடித்ததோடு விட்டுவிடுவது கடைசித் தவறு. ‘பரிசீலனையில் உள்ளது’, ‘தகவல் திரட்டப்படுகிறது’ என்று அமைச்சர் சொன்னால் அது வெறும் சமாளிப்பு அல்ல. அவை மொழியில் அது உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். கண்காணிக்க அரசு உறுதிமொழிகள் குழு இருக்கிறது. எனவே பதில் வந்த அன்றே அந்த வாக்கியம், தேதி, கேள்வி எண் மூன்றையும் ஒரு ஏட்டில் குறியுங்கள். 90-வது நாள் அமைச்சகத்துக்கு ஒரு கடிதம், பிரதி குழுவுக்கு.