பையருக்கு மெயில் அனுப்புமுன்: ‘முடியாது’ என்பதற்கு எந்த ஆங்கிலச் சொல்?

திருப்பூரில் ஏற்றுமதி அலுவலகத்துக்குப் புதிதாக வரும் மெர்ச்சண்டைசர் (ஆர்டரைப் பேசி, சரக்கு போய்ச்சேரும்வரை பார்த்துக்கொள்பவர்) பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித்தருவது காஸ்டிங் என்ற விலைக் கணக்கு இல்லை. ‘முடியாது’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும் விதத்தைத்தான். சரக்கு ஒரு வாரம் தள்ளிப்போனால் பையர், அதாவது சரக்கு வாங்குபவர், பொறுத்துக்கொள்வார். நம் கம்பெனிக்குத் துப்பில்லை என்று நாமே எழுதிக்கொடுத்தால் அடுத்த ஆர்டருக்கு யோசிப்பார்.

பெரும்பாலும் வேண்டியது ‘அனேபிள்’. திறமை இருக்கிறது, இப்போதைக்குச் சூழ்நிலை விடவில்லை என்ற இடத்துக்கு இதுதான் பொருந்தும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் இங்கே சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. பின்னிய துணி இருந்தது, தைக்க ஆள் இருந்தது, சாயம் போட வழியில்லை. அந்த நிலைமைக்குரிய சொல் அனேபிள். பின்னால் ‘டு’, அடுத்து வினைச்சொல்: ‘வீ ஆர் அனேபிள் டு ஷிப் திஸ் வீக்.’ ‘அனேபிள் ஆஃப் ஷிப்பிங்’ என்று ஒன்று கிடையாது. ‘வீ டோன்ட் ஏபிள் டு’ என்பதும் தவறு. ‘வீ ஆர் நாட் ஏபிள் டு’ என்றால் சரி. அதோடு நிறுத்தாமல், ‘காரணத்தையும் புதுத் தேதியையும் அங்கேயே எழுதிடு கண்ணு’ என்பேன்.

‘இன்கேப்பபிள்’ அப்படியல்ல. அந்தத் தன்மையே இல்லை, நாளைக்கும் வராது என்று பொருள்படும். பின்னால் ‘ஆஃப்’ வரும், வினைச்சொல் ‘இங்’கில் முடியும். சாதா சிங்கிள் ஜெர்சி மெஷினில் (பனியன் துணி பின்னும் மெஷின்) ஜக்கார்ட், அதாவது துணியோடு சேர்த்தே பின்னும் டிசைன், ஓட்ட முடியாது. ஊசிகளைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு அதில் இல்லை. எனவே ‘திஸ் மெஷின் இஸ் இன்கேப்பபிள் ஆஃப் நிட்டிங் ஜக்கார்ட்’ என்று தாராளமாக எழுதலாம். ‘வீ ஆர் இன்கேப்பபிள் ஆஃப் டெலிவரிங் ஆன் டைம்’ என்று எழுதினால், நேரத்துக்குச் சரக்கு தருவது எங்கள் வழக்கத்திலேயே இல்லை என்று வாக்குமூலம் கொடுத்த மாதிரி. ஆனால் இதே சொல் பாராட்டாகவும் வரும்: ‘ஷீ இஸ் இன்கேப்பபிள் ஆஃப் லையிங்’ என்றால் அவருக்குப் பொய் சொல்லவே வராது.

‘இன்காம்பிடண்ட்’, ‘இனெப்ட்’ இரண்டும் ஆளைச் சுடும். முதலாவது, பார்க்கும் வேலைக்கே லாயக்கில்லை என்பது. இரண்டாவது, கை படியாமல் தடுமாறுவது. ‘இனெப்ட் அட்’ என்று வரும். செக்கிங் ரிப்போர்ட்டில் தையல்காரர்களைப் பற்றி இவற்றை எழுதாதீர்கள். புதிதாக மெஷினில் உட்கார்ந்த பெண்ணுக்கு ‘இன்எக்ஸ்பீரியன்ஸ்டு’ என்பதே நியாயமான சொல். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

தமிழ்ப் பழக்கம் நம்மை அதிகம் இடறவைப்பது பெயர்ச்சொல்லுக்கு முன்னால்தான். ‘படிக்க முடியாத கையெழுத்து’ என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். அதை அப்படியே ‘அனேபிள் டு ரீட் ஹேண்ட்ரைட்டிங்’ ஆக்கினால் ஆங்கிலம் ஏற்காது. படிக்க முடியாதவர் நாம். கையெழுத்துக்கு உரியது ‘இல்லெஜிபிள்’. ‘இல்லிட்டரேட்’ என்று போட்டுவிட வேண்டாம், அது எழுதப்படிக்கத் தெரியாத ஆளைக் குறிப்பது. சரிசெய்ய முடியாத பீஸ்கள் என்பதற்கு ‘பீசஸ் தட் கேனாட் பி மெண்டட்’. நடக்க முடியாத பெரியவர் என்றால் ‘ஆன் ஓல்ட் மேன் ஹூ கேனாட் வாக்’. வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால் சிக்கல் தீரும்.

ஆடிட் படிவங்களில் மாற்றுத்திறனாளிகளைக் குறிக்க ‘டிஸேபிள்ட்’ வரும். ஐ.நா. 2006இல் ஏற்ற உடன்படிக்கையும் நம் நாட்டின் 2016ஆம் ஆண்டுச் சட்டமும் ‘பெர்சன்ஸ் வித் டிஸபிலிட்டீஸ்’ என்றே குறிப்பிடுகின்றன. நீங்களும் அப்படியே எழுதுங்கள். ‘ஹேண்டிகேப்ட்’ வேண்டாம். ‘இன்வேலிட்’ என்பதையும் மனிதருக்குப் போடாதீர்கள். செல்லாத பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) நம்பருக்கு அது பொருந்தும். அப்போது உச்சரிப்பில் அழுத்தம் ‘வே’யில் விழவேண்டும்.